கையெழுத்துப் போடாத செவ்வாய்க்கிழமை

வாஷிங்டனிலிருந்து என் மனைவியின் நாற்காலியைப் பிடுங்க வந்த மனிதர், அவளுடைய நீல ஓவர்கோட்டை இரண்டு கைகளிலும் சீர்த்தட்டு மாதிரி ஏந்திக்கொண்டு, நீதிமன்றத்தில் எல்லோரும் பார்க்க நாற்பது நிமிடம் நின்றார். உட்காரவில்லை. கீழே வைக்கவில்லை. ஓவர்கோட்டின் கழுத்துப் பட்டையில் பிசுபிசுப்பாகப் பிளம்ஸ் ஜாம் வேறு ஒட்டியிருந்தது.

நீங்கள் நம்ப வேண்டாம். என் மைத்துனன் காஸ் முப்பத்தாறு வருடமாக நான் சொல்லும் எதையும் நம்பியதில்லை. "மாப்ளே சொல்றத பத்தால வகு. மிச்சத்துக்குப் பாவமன்னிப்பு கேளு" என்பது அவன் கட்சி.

அவன்மேல் தப்பில்லை. முப்பத்தோரு வருடம் இதே ஊர் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்து மெஷின் தட்டியவன் நான். கொலைகாரன் பேசினாலும் நீதிபதி இருமினாலும் ஓர் எழுத்து கூட்டாமல் குறைக்காமல் எழுதினேன். இப்போது ஓய்வு பெற்றாயிற்று. மிச்சமிருக்கும் ஆயுளில் கொஞ்சம் கூட்டிக்கொள்ள எனக்கு உரிமை உண்டு.

போன வாரச் செய்தியைத் தவறவிட்டவர்களுக்காக ஒரு வார்த்தை. என் மனைவி பெர்னடெட் எங்கள் ஏரிக்கரை மாவட்டத்தின் மத்திய அரசு வழக்கறிஞர். ஆட்சி மாறினால் பழைய ஆட்சி நியமித்தவர்களிடம் புதிய ஆட்சி ராஜினாமா கேட்பது வழக்கம். கேட்டவுடன் மரியாதையாக ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு, பூந்தொட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவதும் வழக்கம். பெர்னிக்கும் அதில் ஆட்சேபம் இல்லை. வெள்ளிக்கிழமை மாலை இரண்டே வரியில் கடிதம் வந்தது. செவ்வாய் மதியம் பன்னிரண்டு மணிக்குள் ராஜினாமா. அவள் ஒரே ஒரு நாள் கூடுதலாகக் கேட்டாள். புதன்கிழமை காலை தானே போய்விடுகிறேன் என்றாள்.

மறுத்துவிட்டார்கள்.

அந்த ஒரு நாளில்தான் சமாசாரமே இருந்தது. கார்ட்னர் டெல்லர் என்ற முலாம் ஆலை முதலாளி, ஆலையின் அமிலக் கழிவை எங்கள் ஆற்றில் இறக்கிவிட்டு ஐந்து வருடம் ஆகிறது. ஐந்து வருடம் தாண்டினால் வழக்கே போட முடியாது. செவ்வாய் மாலை ஐந்து மணிக்கு நீதிமன்ற அலுவலகம் மூடும்போது கெடு முடிகிறது. குற்றம் சாட்டலாமா என்று ஓட்டுப் போட்டு முடிவு செய்யும் பொதுமக்கள் குழுவான கிராண்ட் ஜூரி செவ்வாய்க்கிழமைதான் கூடும். டெல்லரோ புதிய ஆட்சிக்காரர்களுக்கு இலையுதிர் காலம் முழுக்க விருந்து வைத்தவர். மிச்சத்தை நான் கூட்டிச் சொல்லத் தேவையில்லை.

அதே செவ்வாய்தான் தவக்காலத்துக்கு முந்தின செவ்வாயும்; எங்கள் ஊரில் போலந்துக்காரர்களின் பொன்ச்கி நாள். பொன்ச்கி என்றால் எண்ணெயில் பொரித்து உள்ளே ஜாம் அடைத்த மாவு உருண்டை. மறுநாள் திருநீற்றுப் புதனிலிருந்து நாற்பது நாள் வாயைக் கட்ட வேண்டும் என்பதால், இன்றே நாற்பது நாளுக்கானதைத் தின்று தீர்ப்பார்கள். பேக்கரி வாசலில் விடியற்காலை ஆறு மணிக்கே வரிசை ஆற்றுப்பாலம் வரை நின்றது. கனடா எல்லை வரை என்றும் சொல்லலாம்.

எனக்கு முன்னால் காஸ் நின்றான். காதை மூடிய தொப்பி, மூக்கு நுனியில் ஒரு சொட்டு.

"பன்னெண்டு மணிக்குள்ள போட்டுடுவா" என்றான், வணக்கம்கூடச் சொல்லாமல்.

"யாரு, எதை?"

"என் தங்கச்சி. கையெழுத்த. நடிக்காத மாப்ளே."

"போடமாட்டா."

"எங்கப்பாவே போட்டாரு. இவ எந்த மூலைக்கு?"

அந்தக் கதையை அவர்கள் வீட்டில் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. எஃகு ஆலையை மூடிய வருடம் மாமனாரை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, காபி கொடுத்து, 'நீங்களாகவே விலகுகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் மரியாதையாக இருக்கும்' என்றார்கள். இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக ஆலையில் அவருக்கு யாரோ காபி கொடுத்தார்கள். போட்டுவிட்டார். தானாக விலகியவருக்கு வேலையிழந்தோர் உதவி கிடையாது என்பது அடுத்த மாதம்தான் தெரிந்தது. அந்தக் குளிர்காலம் முழுக்க காஸ் ஏரிப் பனியில் துளை போட்டுப் பிடித்த பெர்ச் மீன்தான் அந்த வீட்டில் மூன்று வேளையும்.

"படிச்சவங்க மரியாதைக்கு மயங்குவாங்க மாப்ளே. இவனுங்க மரியாதையா கேட்டிருக்கானுங்க. போட்டுடுவா."

"நீ ஓட்டுப் போட்ட ஆளுங்கதானே இவங்க?"

"ஆமா போட்டேன். அதுக்கென்ன? டெல்லருக்கா போட்டேன்?" மூக்கைத் துடைத்துக்கொண்டான். "அஞ்சு வருஷமாச்சு அந்த ஆத்துல ஒரு மீன் தூக்கி."

முப்பது வருடம் மாதாகோவில் கூடத்துக்குத் தவக்கால மீன் கொடுத்தவன் அவன். இப்போது அங்கே ஐஸ்லாந்து மீன், பெட்டியில் வருகிறது. காஸ் அதைத் தொடுவதில்லை.

"அப்ப அவ போடக் கூடாதுன்னுதானே உனக்கு ஆசை?"

"ஆசைய விடு. நடக்கப் போறதச் சொன்னேன்."

"நடக்கலேன்னா? இன்னிக்கு சாயந்தரம் மாதாகோவில் கூடத்துல எல்லார் முன்னாடியும், 'ஆல்டோ சொன்னது நிஜம்'னு உன் வாயால சொல்லணும்."

"சொல்றேன்" என்றான். சொல்ல வேண்டி வராது என்கிற நிம்மதி முகத்தில் தெரிந்தது.

மூன்று பெட்டி வாங்கிக்கொண்டு இருவரும் நீதிமன்றக் கட்டடத்துக்குப் போனோம். வாசல் காவலர்கள் எனக்கு வேண்டியவர்கள். பெட்டிகளைச் சோதனை மெஷினில் விட்டு எடுத்தபோது ஒரு டஜனில் பத்துதான் இருந்தது. மெஷின் தின்றிருக்கும்.

மூன்றாவது மாடியில் பெர்னி தன் மேசையில் ஓவர்கோட்டுடன் உட்கார்ந்திருந்தாள். அறையின் சூடேற்றியை வாஷிங்டன்காரர்கள் நிறுத்திவிட்டார்கள் என்று நான் சொல்வேன். அது பழுதாகி இருபது வருடம் ஆயிற்று என்று காஸ் சொல்வான். ஆனால் இது இரண்டு பேரும் ஒப்புக்கொண்டது: காலை எட்டு மணிக்கே அவள் கணினி இருண்டுவிட்டது, கைப்பேசி செத்துவிட்டது, கதவு திறக்கும் அட்டையும் செத்துவிட்டது. உள்ளேயிருந்து வெளியே போகலாம். போனால் அவளைத் திரும்ப உள்ளே விடக் கூடாது என்று உத்தரவு. அவளுக்குக் கீழே இருக்கும் வழக்கறிஞர்கள் அன்று எதிலும் கையெழுத்திடக் கூடாது என்றும் உத்தரவு வந்திருந்தது. ஆக டெல்லரின் குற்றப்பத்திரிகையில் கையெழுத்திட அந்தக் கட்டடத்தில் இருந்தது அவள் ஒருத்தி கைதான்.

"காபி வேணுமா?" என்றேன்.

"வேணாம். குடிச்சா எழுந்து போகணும். எழுந்து போனா உள்ள வர முடியாது." பொன்ச்கி பெட்டியைத் திறந்தாள். "பிளம்ஸ் இருக்கா? ரோஜா ஜாம் மட்டும் வாங்கியிருந்தா அண்ணனோட நீயும் வெளிய போயிடு."

பிளம்ஸ் இருந்தது. முதல் கடியிலேயே ஜாம் கழுத்துப் பட்டையில் விழுந்தது. விரலால் வழித்து நக்கிக்கொண்டாள். மாவட்டத்தின் தலைமை வழக்கறிஞர்.

ஒன்பதரை மணிக்கு என் கைப்பேசியில் செய்தி வந்தது. உரக்கப் படித்தேன். 'குடும்பத்துடன் அதிக நேரம் செலவிட விரும்பி, அரசு வழக்கறிஞர் பெர்னடெட் இன்று ராஜினாமா செய்தார்.'

"குடும்பம்னா நான்தானே?" என்றேன். "என்ன ஒரு வார்த்த கேட்டானுங்களா?"

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?" என்றாள் பெர்னி.

"வேணாம்னுதான். வாரத்துல ரெண்டு நாள் போதும்."

காஸ் சிரிக்கவில்லை. செய்தியை இரண்டாவது தடவை என் தோளுக்கு மேலாகப் படித்தான். "செய்யாத ராஜினாமாவ செஞ்சாச்சுன்னு போட்டுட்டானுங்களே."

"அதுதான்ணே அவங்க அவசரம்" என்றாள் பெர்னி. "கல்யாணத்துக்கு முன்னாடியே பேரனுக்குப் பேர் வெக்கிறாங்க."

பதினொரு மணிக்கு வந்தார் பிரெண்டன் ஹாக்ஸ்வொர்த். வயது முப்பத்தாறு. பனி உருகச் சாலையில் உப்புத் தூவிய மார்ச் மாதச் சேற்றில், காகிதம் போல மெல்லிய தோல் ஷூ. தலைமுடியில் நடுவகிடு இல்லை, ஆனால் பேச்சு முழுக்க நடுவகிடு எடுத்த மாதிரி இருந்தது. எங்கள் மாவட்டத்தில் ஒரு வழக்குகூட நடத்தியதில்லை. எங்கள் மாவட்டத்துக்கு வழிகூடத் தெரியாது. விமான நிலையத்தில் இறங்கித் தவறான ஊருக்கு அரை மணி நேரம் போய்விட்டுத் திரும்பினாராம். அதை அவரே சொன்னார், பாராட்டை எதிர்பார்த்து.

"மேடம், மாற்றத்தை சுமுகமா முடிச்சுக்கலாம்னு வந்தேன்."

"எந்த மாற்றம்?"

"நீங்க ராஜினாமா செஞ்சதுல..."

"செய்யலையே. பொன்ச்கி சாப்பிடறீங்களா?"

"இல்ல, நன்றி. மேடம், என்னை இந்தப் பதவிக்கு நியமிச்ச உத்தரவு இது."

அவள் வாங்கிப் பார்த்தாள். மேலிடத்தின் துணை அதிகாரி அனுப்பிய மின்னஞ்சல், அச்செடுத்தது. ஓரத்தில் அவர் பயணச்சீட்டும் சேர்ந்து அச்சாகியிருந்தது.

"தம்பி" என்றாள். அந்தத் தம்பியில் இருந்த குளிரில் ஏரி இன்னொரு அடி உறைந்திருக்கும். "இந்த நாற்காலியிலேருந்து என்னை எடுக்க நாட்டுல ஒரே ஒருத்தருக்குத்தான் அதிகாரம். ஜனாதிபதி. அவர் கையெழுத்து எங்க?"

"அவரோட விருப்பம் இதுதான்னு..."

"விருப்பம் எனக்கும்தான் நெறைய இருக்கு. கையெழுத்து எங்க?"

ஹாக்ஸ்வொர்த் தாழ்வாரத்துக்குப் போய்த் தொலைபேசினார். சற்று நேரத்தில் மேசைத் தொலைபேசி ஒலித்தது. அதை மட்டும் வெட்ட மறந்திருந்தார்கள். பெர்னி ஸ்பீக்கரில் போட்டாள். துணை அதிகாரியின் குரல் தேன் தடவி வந்தது.

"பெர்னடெட், இத்தனை வருஷ சேவை. பேரைக் கெடுத்துக்காதீங்க. ரெண்டு வரி எழுதிக் கொடுங்க. மரியாதையா அனுப்பி வெக்கிறோம்."

மரியாதை என்ற சொல் வந்ததும் காஸ் தலை நிமிர்ந்தது. அவன் தங்கையைப் பார்க்கவில்லை. தொலைபேசியைப் பார்த்தான்.

"சார்" என்றாள் அவள். "எங்கப்பாவுக்கும் இதேதான் சொன்னாங்க. அவருக்குக் காபியாவது கொடுத்தாங்க. போறவ நானா இருக்க மாட்டேன். தள்ளறவர் அவரா இருக்கட்டும். கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்லுங்க, அடுத்த நிமிஷம் எழுந்துடறேன்."

"அவரை இந்தச் சின்ன விஷயத்துக்கெல்லாம் தொந்தரவு பண்ண முடியாது."

"அப்ப இந்தச் சின்ன விஷயம் இங்கேயே உக்காந்திருக்கும்."

பன்னிரண்டு அடித்தது. மாதாகோவில் மணி, நகர மன்ற மணி, ஆற்றங்கரைத் தீயணைப்பு நிலையச் சங்கு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக. காஸ் தன் கடிகாரத்தைப் பார்த்தான். அவள் இரண்டாவது பொன்ச்கியை எடுத்தாள்.

"இன்னும் அஞ்சு மணி நேரம் இருக்கு" என்றான் காஸ். ஆனால் அவன் போகவில்லை.

ஐந்தாவது மாடியில் கிராண்ட் ஜூரி உட்கார்ந்திருந்தது. மூன்றே முக்காலுக்கு ஓட்டெடுப்பு முடிந்து, குற்றப்பத்திரிகை தலைமை ஜூரரின் கையெழுத்துடன் கீழே வந்தது. பெர்னி அதில் கையெழுத்திட்டாள். அன்றைக்கு அவள் போட்ட ஒரே கையெழுத்து அதுதான். இனி அதை நீதிபதி திறந்த நீதிமன்றத்தில் ஏற்று, அலுவலகத்தில் பதிய வேண்டும். அறையை விட்டுப் போனால் திரும்ப முடியாது. எனவே கோப்பு, கைப்பை, ஓவர்கோட்டு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு கிளம்பினாள். நானும் காஸும் பின்னால். எங்களுக்குப் பின்னால், ஈரமான ஷூ கீச்சிட, ஹாக்ஸ்வொர்த்.

தலைமை நீதிபதி ஒடெஸா ப்ராட்நாக்ஸைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எழுபத்தேழு வயதுப் பெண்மணி. அவர் நீதிமன்றத்தில் ஒரு சட்டம் உண்டு. எந்தப் புத்தகத்திலும் இல்லாத, ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம். மேசையில் காகிதம் தவிர எதுவும் இருக்கக் கூடாது. நாற்காலி முதுகில், தடுப்புக் கம்பியில், பெஞ்சில், எங்கேயும் துணி தொங்கக் கூடாது. 'இது நீதிமன்றம், துவைக்கும் இடமல்ல' என்பார். உள்ளூர் வழக்கறிஞர்கள் குளிரில் நடுங்கிக்கொண்டே ஓவர்கோட்டைக் கீழ்த்தளத்தில் மாட்டிவிட்டு வருவார்கள். பல வருடம் முன்பு ஒரு வழக்கறிஞர் குடையை மேசையில் வைத்தார். அவரை அதற்குப்பின் யாரும் பார்த்ததில்லை. காஸ் இதைப் பத்தால் வகுப்பான். வகுத்தாலும் கொஞ்சம் மிஞ்சும்.

கதவருகே பெர்னி நின்றாள். கோப்பைத் திறக்க இரண்டு கையும் வேண்டும். கீழ்த்தளம் போக நேரமில்லை. பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்றுகூடத் திரும்பிப் பார்க்காமல் ஓவர்கோட்டை நீட்டினாள்.

ஹாக்ஸ்வொர்த் வாங்கிக்கொண்டார்.

நல்ல குடும்பத்துப் பிள்ளை. ஒரு பெண்மணி ஓவர்கோட்டை நீட்டினால் கை தானாக நீளும்படி வளர்த்திருக்கிறார்கள். மூளை வந்து சேர்வதற்குள் அவள் முன்னால் போய்விட்டாள். நீதிபதியும் வந்து உட்கார்ந்துவிட்டார்.

தலைமை ஜூரர் குற்றப்பத்திரிகையைக் கொடுத்தார். அப்போது ஹாக்ஸ்வொர்த் தொண்டையைக் கனைத்தார்.

"மாண்புமிகு நீதிபதி அவர்களே, இதுல இருக்கிற கையெழுத்து செல்லாது. இந்த மாவட்டத்தோட அரசு வழக்கறிஞர் நான்."

ப்ராட்நாக்ஸ் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். நிதானமாக. ஷூவிலிருந்து மேல்நோக்கி.

"நீங்களா?"

"ஆமாம், மாண்புமிகு நீதிபதி அவர்களே."

"எனக்குத் தெரிஞ்சு அரசு வழக்கறிஞர் அதோ அங்க நிக்கிறாங்க. நீங்க அவங்க ஓவர்கோட்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க."

முப்பத்தோரு வருடத்தில் அந்த அறையில் இப்படி ஓர் அமைதியை நான் பதிவு செய்ததில்லை. ஹாக்ஸ்வொர்த் முகம் சிவந்து ஓவர்கோட்டை மேசையில் வைக்கக் குனிந்தார்.

"என் மேசைல வேண்டாம்."

கம்பியின் பக்கம் திரும்பினார்.

"அங்கேயும் வேண்டாம்."

நிமிர்ந்து இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டார்.

"இவங்கள நீக்கின உத்தரவு, ஜனாதிபதி கையெழுத்தோட, உங்ககிட்ட இருக்கா?"

"வந்துக்கிட்டிருக்கு."

"வரட்டும். வர்ற வரைக்கும் நான் படிக்கிறேன். நான் மெதுவா படிக்கிறவ."

படித்தார். ஒவ்வொரு பக்கமாக. அவர் படித்து முடிப்பதற்குள் ஐந்து அடித்துவிட்டால்? அல்லது அந்தக் காகிதம் வாஷிங்டனிலிருந்து முந்தி வந்துவிட்டால்? ஹாக்ஸ்வொர்த்தின் சட்டைப் பையில் கைப்பேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. எடுக்கக் கை இல்லை. பிளம்ஸ் ஜாம் அவருடைய சட்டைக் கைப்பட்டிக்கு மாறிக்கொண்டிருந்தது. பெர்னி திரும்பியே பார்க்கவில்லை. எனக்குப் பக்கத்தில் காஸ் தொப்பியைக் கசக்கிக்கொண்டு, கடிகாரத்தையும் நீதிபதியையும் மாறி மாறிப் பார்த்தான். உதடு அசைந்தது. மாதாவிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தான் என்று நினைக்கிறேன்.

"பதினாலாவது குற்றம்" என்று நீதிபதி ஓரிடத்தில் வாய்விட்டுப் படித்தார். "ஆற்று முகத்துவாரம். ஒன்பது மைல் நீளத்துக்கு மீன்கள் செத்தன."

காஸ் கண்ணை மூடிக்கொண்டான்.

கடைசிப் பக்கத்தைத் திருப்பிய நீதிபதி, ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் சொன்னார். "ஏற்றுக்கொள்ளப்பட்டது. பதிவு செய்யுங்க."

கீழே பதிவு முத்திரை விழுந்தபோது ஐந்துக்கு ஐந்து நிமிடம். ஐந்து இருபதுக்குத் தாழ்வாரத்தில் ஒரு காவலர் காகிதத்துடன் ஓடி வந்தார். ஜனாதிபதியின் கையெழுத்து, கொட்டை எழுத்தில். பெர்னி நின்றபடியே படித்தாள்.

"இப்படித்தான் செய்யணும்" என்றாள். "காலைலயே இதச் செஞ்சிருக்கலாம். ஹாக்ஸ்வொர்த், நாற்காலி உங்களோடது. சூடேத்தி வேலை செய்யாது. ஓவர்கோட்டைக் கொடுங்க."

கொடுத்தார்.

"அண்ணே" என்றாள் காஸிடம். "தள்ளிட்டாங்க."

"தெரியுது" என்றான் காஸ். பின் அவள் ஓவர்கோட்டைத் தானே வாங்கி, அவள் தோளில் போட்டுவிட்டான். அந்த வீட்டில் யாரும் யாருக்கும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

காரில் அவள் ஓவர்கோட்டுப் பையில் கைவிட்டாள். ஏதோ அகப்பட்டது. ஹாக்ஸ்வொர்த்தின் முகவரி அட்டை. பின்பக்கம் பேனாவால் அவசரமாக எழுதிய இரண்டு வரி. என்னிடம் காட்டவில்லை. இரண்டு தடவை படித்து மறுபடி பையில் போட்டுக்கொண்டாள்.

"என்ன எழுதியிருக்கான்?"

"நாளையிலேருந்து வழக்கு அவன் கைல. அத விட மாட்டானாம்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "வண்டிய ஓட்டு ஆல்டோ."

ஆறரை மணிக்கு மாதாகோவில் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. அக்கார்டியன் ஒரு பக்கம், பீர் ஒரு பக்கம். வேலை போனவளைச் சுற்றிப் பெண்கள் கூட்டம். நான் மேசைமேல் ஏறாத குறையாகக் கதையைச் சொன்னேன். ராஜினாமா வரை நம்பினார்கள். முத்திரை வரை நம்பினார்கள். ஓவர்கோட்டுக்கு வந்ததும் கூடமே சிரித்தது.

"ஆல்டோ, ஒரு பெரிய அதிகாரி நாப்பது நிமிஷம் ஓவர்கோட்டு தூக்கிக்கிட்டு நின்னானா? போய்யா."

"காஸக் கேளுங்க" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். காஸ் மூலையில், ஐஸ்லாந்து மீன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, ரோஜா ஜாம் பொன்ச்கியை மென்றுகொண்டிருந்தான். கூடம் காத்திருந்தது. அவன் அவசரப்படவில்லை. விழுங்கினான். வாயைத் துடைத்தான்.

"மாப்ளே சொல்றது தப்பு" என்றான்.

கூடம் வெடித்துச் சிரித்தது. காஸ் கையை உயர்த்தினான்.

"நாப்பது இல்ல. அம்பத்திரண்டு நிமிஷம். கடிகாரத்த வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."